பின்னணியில் கேட்ட ஜெபம்

அத்தியாயம் 17

போன வாரம் லிஜாவை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் நிற்க வைத்துவிட்டு நாம் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். ஒரு கையில் கம்பி, மறு கையில் போன். பாவம், அந்தப் பெண் இன்னும் அப்படியேதான் நிற்கிறாள். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது.

இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாறசாலைக்குப் பக்கத்தில் வேதமாணிக்கத்தின் வீடு. அவருக்கு பாறசாலையில் செருப்புக் கடை. மனைவி விமலகுமாரி. மூத்த மகள் லிஷாவை தனுவச்சபுரத்தில் அஜீஷுக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவள் லிஜாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நடுவில் ஒருவன் உண்டு, ஜெனில். கடையில் வைத்து அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, "போறதுன்னா போ" என்று அவர் சொன்ன ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, போட்டிருந்த உடுப்போடு இறங்கிப் போனவன். ஆறு வருஷமாகிறது. இருக்கிறானா என்று கேட்க ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

அப்புறம் 'ஆறாம் கடவு'. அதைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் டிவியில் வரும் மர்மத் தொடர். கடவு என்றால் படகுத்துறை. படகுத்துறை வீட்டு மூத்த மகன் சேது ஒரு மழை நாளில் அக்கரைக்குப் போனான், வரவில்லை. கொன்றார்களா, ஓடிப்போனானா, ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று ஊருக்கு ஊர் கட்சி கட்டி நிற்கிறார்கள். கண்ணாடிக் கடையில் லிஜா எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னால், இரண்டு வரி வாசித்துவிட்டு மூன்றாவது வரியில், "அந்த மருமகன் சரியில்லை கேட்டியா மோளே" என்பார்கள். பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரி அக்காவின் கட்சியில் அவர் ஒருவர்தான். சேதுவுக்கு இரட்டைப் பிறவி உண்டு என்பது அவர் வாதம்.

எல்லாவற்றுக்கும் மேலே, போன மாதம் சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் நடந்தது. ஜெப விண்ணப்பங்களோடு சேர்த்து, காணாமல் போன சேதுவுக்காக என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எல்லாரும் கண்ணை மூடி உருகி ஜெபித்துப் பாதி தூரம் போன பிறகுதான் அது டிவி சேது என்று தெரிந்தது. அதற்கும் ஒரு அம்மாள் விடவில்லை. "அவன் செத்த மாதிரி வெள்ளிக்கிழமையே காட்டிட்டினுமே. செத்தவனுக்கு நாம ஜெபிக்கலாமா?" என்று கேட்டார். போதகரம்மா சிரிப்பை அடக்க பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

இப்படி ஊரே துப்பறியும்போது லிஜா சும்மா இருப்பாளா? 'கடவுத் துப்பு' என்று யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினாள். முகம் காட்டமாட்டாள், குரல் மட்டும். தமிழும் மலையாளமும் கலந்து, காதோடு ரகசியம் சொல்வதுபோலப் பேசுவாள். தொடர் எட்டரைக்கு. அதற்கு முன்னால் அன்றைய தியரி வந்தாக வேண்டும். ஆகவே வேலை விட்டு வந்ததும், வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிற அதே நேரத்தில், தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்வாள். அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தட்டிதான்.

நேற்றைய தியரி நன்றாக ஓடியது. சேதுவின் அப்பா தினமும் கடவில் ஒரு விளக்கு வைப்பார், மகன் இருட்டில் வந்தால் வழி தெரியட்டும் என்று. சில வாரங்களாக அந்த விளக்கு இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, காட்சிக்குப் பின்னால் எப்போதும் எரிகிற விளக்கு இப்போது எரியவில்லை, அவ்வளவுதான். லிஜா அதைப் பிடித்துக்கொண்டாள். "காத்திருக்கிறதை யார் முதலில் நிறுத்துகிறாரோ அவருக்கு விஷயம் தெரியும்" என்று அடித்துச் சொன்னாள்.

அதற்குக் கீழேதான் இன்று காலையில் அந்தக் கமெண்ட் வந்திருந்தது. எழுதியது 'மழைத்துளி' என்று ஒரு பெண். மஸ்கட்டில் நர்ஸாம்.

"சேச்சி, நீங்கள் சொன்ன விளக்கு விஷயம் சூப்பர். ஒன்று கேட்கட்டுமா? நான் டியூட்டி முடிந்து ஹெட்போனில் உங்கள் குரலைக் கேட்டுத்தான் தூங்குவேன். பின்னால் உங்கள் அப்பா ஜெபம் பண்ணுவது லேசாகக் கேட்கும். எனக்கு வீட்டு நினைப்பு வரும். முன்பு லிஷா, லிஜா, ஜெனில் என்று மூன்று பிள்ளைகளின் பெயரையும் சொல்வார். ஓணத்துக்குப் பிறகு வந்த எதிலும் ஜெனில் பெயர் இல்லை. ஜெனில் நலம்தானே?"

கேட்ட பெண் அன்பாகத்தான் கேட்டிருந்தாள். ஆனால் அதற்குக் கீழே ரசிகப் பெருமக்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், உண்மை என்றார் ஒருவர். அப்பாவுக்கும் மகனுக்கும் பிணக்காக இருக்கும் என்றார் இன்னொருவர். பிணக்கு இருந்தால் கூடுதலாக அல்லவா ஜெபிப்பார்கள் என்று ஒருவர் மடக்கினார். கடைசியில் களியக்காவிளைக்காரர் ஒருவர் வந்து முடித்து வைத்தார்.

"எங்கள் வீடும் மிஷன் சபைதான். நாங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஜெபிப்போம். செத்தவர்களுக்கு எங்களிடம் ஜெபம் கிடையாது. ஒரு பெயரை நிறுத்திவிட்டார்கள் என்றால் அர்த்தம் ஒன்றுதான்."

அவர் வாக்கியத்துக்குக் கீழே கைகூப்புகிற படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. இரங்கல் தெரிவிக்கிறார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு லிஜாவும் இறங்கினாள். கடைக்குப் போன் பண்ணி தலைவலி என்றாள். அது பொய்யும் இல்லை. முதல் வேலையாக அந்தக் கமெண்டையும் அதன் கீழே தொங்கியதையும் அழித்தாள். அழித்த கொஞ்ச நேரத்தில் வேறொருவர், "ஜெனில் கமெண்டை எதற்கு எடுத்தீர்கள்? அப்போ ஏதோ இருக்கிறது" என்று எழுதினார். அதையும் அழித்தாள். அழிக்க அழிக்க வந்தது.

அவளுக்குப் பயம் ஊரைப் பற்றி இல்லை, அம்மாவைப் பற்றி. விமலகுமாரி மகளின் வீடியோவை அரைகுறையாகத்தான் கேட்பாள். ஆனால் கமெண்ட் ஒன்று விடமாட்டாள். சோறு வடித்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடக்கூடாது. "நீ சொல்லியதவிட அவிய சொல்லியதாக்கும் ரசம்" என்பாள். ஜெனில் வருவான் என்று ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிற அம்மா, அவன் செத்துவிட்டான் என்று முகம் தெரியாத களியக்காவிளைக்காரர் எழுதியதை ஜன்னலோரத்தில் வைத்து வாசித்தால் என்ன ஆவாள் என்று நினைக்கவே லிஜாவுக்கு மனம் வரவில்லை. அம்மா சோறு வடிக்க இன்னும் நேரம் இருந்தது.

ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். தன் வீடியோவைத் தானே கேட்பது அவளுக்குப் பிடிக்காது. இன்று தன் குரலைத் தாண்டிப் பின்னால் கேட்டாள்.

ஓணத்துக்கு முன்னால் போட்ட ஒன்று. தட்டிக்கு அந்தப்பக்கம் அப்பாவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. லிஷாவையும் அவள் புருஷனையும் பிள்ளையையும் ஆசீர்வதியும். லிஜாவுக்கு ஏற்ற துணையைக் காட்டியருளும். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. எங்கள் மகன் ஜெனிலை, அவன் எந்த ஊரில் இருந்தாலும், இந்த ராத்திரி காத்துக்கொள்ளும்.

லிஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதே தட்டிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து சேது எங்கே போனான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் பெயர் முதுகுக்குப் பின்னால் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்து ஓணத்துக்குப் பிறகு போட்ட ஒன்று. லிஷா, லிஜா. இடைவெளி. அந்த இடத்தில் அம்மாவின் குரல் திடீரென்று உயர்ந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றது. அது தணிந்தபோது அப்பா அரசாங்கத்துக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபிக்கப் போயிருந்தார். இன்னொன்றைக் கேட்டாள். அதுவும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் போட்டது. அதிலும் பெயர் இல்லை, அந்த இடத்தில் அம்மாவின் ஸ்தோத்திரம்தான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஜெபத்துக்கு வராவிட்டால் சோறு கிடையாது என்று வளர்த்த அப்பா, பதிவு என்று அவள் அறையில் இருந்துவிடுவதற்கு அதுவரை தினமும் திட்டியவர், ஓணத்துக்குப் பிறகு ஒருநாள் தானாகவே, "உனக்கு வேல இருந்தா பாரு மக்கா, நாங்க ஜெபிச்சுக்கிடுதோம்" என்று சொல்லியிருந்தார். அவள் சந்தோஷப்பட்டாள். அப்பா நம் சேனலை மதிக்கிறார் என்று லிஷாவிடம் பீற்றிக்கொண்டாள்.

பாறசாலை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஓடிப்போய் ஏறினாள்.

கடையில் வேதமாணிக்கம் ஒரு பெண்ணின் காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பக்கிள் மாட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன மக்கா, இன்னைக்கு வேல இல்லியா?"

"நீங்க இவங்கள முடிச்சு விடுங்கப்பா."

அந்தப் பெண் விலையைப் பேசி, இன்னொரு நிறத்தைக் கேட்டு, முதல் நிறத்தையே வாங்கிக்கொண்டு போனாள். லிஜா ஷட்டரைப் பாதி இறக்கினாள். கடைக்குள் தோல் வாசனையும் பசை வாசனையும் கூடிவிட்டன. வேதமாணிக்கம் மகளின் கையிலிருந்த போனைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்பா, நீங்க இப்பம் அண்ணனுக்கு ஜெபிக்கியது இல்லியா?"

அவர் காலியான அட்டைப்பெட்டியை எடுத்து மூடியைப் போட்டார், எடுத்தார், போட்டார்.

"யாரு சொன்னா?"

"எனக்க வீடியோவுல கேக்குது. ஓணத்துக்குப் பொறவு அண்ணன் பேரு இல்ல. ஊருபட்ட ஆளு கண்டுபிடிச்சு எழுதியிருக்கு."

"உனக்க அம்ம பாத்தாளா?"

அந்த ஒரு கேள்வியிலேயே லிஜாவுக்குத் தெரிந்துவிட்டது. தியரி போடுகிறவள் அல்லவா, எங்கே பார்க்க வேண்டும் என்று பழகிவிட்டது. இந்த ஒருமுறை தன் தியரி தப்பாகப் போகக்கூடாதா என்று அவள் மனசார வேண்டினாள்.

"சொல்லுங்கப்பா."

"ஓணம் கழிஞ்சு சரக்கெடுக்க எர்ணாகுளம் போனேன் இல்லியா? நான் எர்ணாகுளத்துல இறங்கல்ல. அதுக்கும் வடக்க போனேன்." அவர் குரல் கடைக்காரக் குரலாகவே இருந்தது, விலை சொல்வதுபோல. "கடைக்கு ஒரு போன் வந்துது. போலீசாக்கும். புழையில, ஆத்துத் தண்ணியில, ஒரு ஆளு கெடந்திருக்கான். பையில பேப்பரு ஒண்ணும் இல்ல. செருப்புக்க உள்ள பாத்தா நம்ம கடைப் பேரும் நம்பரும் இருக்கு. உங்க பக்கத்துல யாராவது காணாமப் போயிருக்கினுமாண்ணு கேட்டாவ."

லிஜா கல்லாப்பெட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனேன். செருப்பக் கொண்டுவந்து வச்சாவ. அவனுக்குண்ணு அளவு குடுத்து தைக்கச் சொன்ன தோல் செருப்பு. அவனுக்க கால் நீளத்துக்கு ரெடிமேடுல கெடைக்காது, உனக்குத் தெரியுமே. வலது கால்ல வெளி ஓரம் தேஞ்சு போயிருந்துது. அவன் நடக்கியது அப்படித்தான்."

"அண்ணன் செருப்பா?"

"அவனுக்க செருப்பாக்கும். நான் விக்கிய ஆளு, எனக்குத் தெரியாதா மக்கா?"

வெளியே பஸ்காரன் திருவனந்தபுரம் திருவனந்தபுரம் என்று கூவிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கலாமேப்பா."

"கொண்டு வரக்கூடிய நெலையில இல்ல. அங்ஙனயே ஒரு சர்ச்சுல எடம் குடுத்தாவ. பாஸ்டர் ஒருத்தர் வந்து ஜெபிச்சாரு. பக்கத்துல நின்னவிய நாலு பேரு வந்தாவ, யாருண்ணு இண்ணைக்கும் தெரியாது. மண்ணு நாந்தான் போட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அம்மைக்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எப்படிச் சொல்ல? அவனப் போண்ணு சொன்னது நானாக்கும். இந்த ஆறு வருஷத்துல உனக்க அம்ம அதுக்கு என்னை ஒரு வார்த்த சொன்னதில்ல. வருவாம்ணு நெனச்சுக்கிட்டு இருக்கியதுனால சொல்லல்ல. இதச் சொன்னா சொல்லுவா. அத எனக்குக் கேக்க முடியாது மக்கா."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் லிஜாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்போ ஜெபத்துல மட்டும் ஏன் நிறுத்தினிய? பேரச் சொல்லிக்கிட்டே இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே."

வேதமாணிக்கம் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கையாலதானே மண்ணு போட்டேன். இதயே கூப்பிக்கிட்டு, அவனக் காத்துக்கொள்ளும் ஆண்டவரேண்ணு எப்படிச் சொல்லியது? ஊருகிட்ட பொய் சொல்லலாம். உனக்க அம்மைக்கிட்டயும் சொல்லியாச்சு. அங்க சொல்ல நாக்கு எழும்பல்ல."

சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகச் செருப்புகள். லிஜாவால் அவற்றைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அவர்தான் எழுந்தார். "சரி. இன்னைக்கு ஜெபத்துல அவன் பேரச் சொல்லீருதேன். அம்ம கமெண்டப் பாத்திருந்தாலும், அந்த ஆளுகளுக்கு ஒழுங்கா கேக்கல்லண்ணு நீ சொல்லு. ஆண்டவர்கிட்ட நான் தனியா மன்னிப்பு கேட்டுக்கிடுதேன்."

அப்பாவும் மகளும் சேர்ந்து கடையை அடைத்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது, வாசலிலேயே ஸ்ரீகுமாரி அக்கா பிடித்துக்கொண்டார்.

"டீ லிஜா, இன்னைக்கு தியரி ஒண்ணும் காணல்லியே. நான் சொன்ன இரட்டைப் பிள்ளை காரியத்த நீ இதுவரைக்கும் எடுக்கல்ல, கேட்டியா? சேது சாவல்ல. செத்தது மத்தவன்."

"நாளைக்கு போடுதேன் அக்கா."

"பின்னே, உனக்க அம்மைக்கு சுகமில்லையா? மத்தியானம் வந்து எனக்க அடுக்களையில இருந்தா. கடவப் பத்தி ஒரு வார்த்த பேசல்ல. நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டு எழுந்து போயிட்டா."

அப்பா செருப்பைக் கழற்ற மறந்து படியேறினார்.

வீட்டுக்குள் விமலகுமாரி வழக்கம்போலத்தான் இருந்தாள். பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்றாள். அவளுடைய போன் ஃபிரிட்ஜின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வாசித்தாளா இல்லையா என்று லிஜாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறாம் கடவில் ஒவ்வொரு கண் அசைவுக்கும் அர்த்தம் சொல்கிறவளுக்குத் தன் அம்மாவின் முகம் பிடிபடவில்லை.

ஜெப நேரம் வந்ததும் அம்மா பாயை விரித்தாள். லிஜா அறைக்குப் போகாமல் பாயில் வந்து உட்கார்ந்தாள். அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பாட்டுப்புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினாள். பாட்டுப் பாடினார்கள். அப்பா ஒரு அதிகாரம் வாசித்தார். மூன்று பேரும் முழங்காலிட்டார்கள்.

வேதமாணிக்கத்தின் குரலில் காலை முதல் இருந்த கடைக்காரத் தொனி இல்லை. இந்த நாளுக்காக நன்றி சொன்னார். லிஷாவைச் சொன்னார், அஜீஷைச் சொன்னார், பேரப்பிள்ளையைச் சொன்னார். லிஜாவைச் சொன்னார். அந்த இடைவெளி வந்தது. லிஜா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எங்கள் மகன் ஜெனிலை," என்றார். மூச்சு வாங்கினார். "அவன் எந்த ஊரில் இருந்தாலும்..."

"நிறுத்துங்க."

அம்மா சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்ற கவனத்தோடு சொன்னாள். அந்த வீட்டில் ஜெபத்தை நடுவில் யாரும் நிறுத்தியதில்லை. அப்பா கூப்பிய கையைப் பிரிக்காமலே திரும்பினார்.

"எனக்குப் பயந்து ஆண்டவர்கிட்ட பொய் சொல்லாதிய."

"விமலா..."

"அந்தக் கமெண்டெல்லாம் வாசிச்சாச்சு. இன்னைக்கு சோறு வடிக்கதுக்கு முன்னாடியே போன எடுத்தேன், இவ அழிக்கதுக்கு முன்னாடியே வாசிச்சாச்சு. அவிய இன்னைக்குக் கண்டுபிடிச்சத நான் அண்ணைக்கே கண்டுபிடிச்சேன். எர்ணாகுளம் போயிட்டு வந்த அண்ணைக்கு ராத்திரி நீங்க அவன் பேர விட்டிய. களைப்புல மறந்திருப்பியண்ணு நெனச்சேன். மறுநாளும் விட்டிய. அதுக்க மறுநாள் நாந்தான் ஸ்தோத்திரம்ணு சத்தமாச் சொல்லி மூடினேன். தட்டிக்கு அந்தப்பக்கம் பிள்ள இருக்காளே."

பெஞ்சில் உட்கார்ந்து லிஜா கேட்ட அந்த ஸ்தோத்திரம் எல்லாம் இதுதான். அம்மா அவள் காதை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் நீ ஏன் கேக்கல்ல?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

"கேட்டா நீங்க சொல்லிப்போடுவியளே."

யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று பேரும் முழங்காலிலேயே இருந்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ உறவுக்காரர் வீட்டுச் சாவுக்குப் போனவர்கள் கேட்பதுபோல, நிதானமாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"எங்க வச்சிய அவன?"

அப்பா சொன்னார். போன் வந்தது, செருப்பு, புழை, அந்தச் சர்ச், அந்தப் பாஸ்டர். காலையில் லிஜாவிடம் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டாள். தன்னை அவள் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லவில்லை.

"முகத்தப் பாத்தியளா?"

அப்பா பைபிளை எடுத்து மூடி வைத்தார்.

"கேட்டதுக்குச் சொல்லுங்க, முகத்தப் பாத்தியளா?"

"தண்ணியில கெடந்த உடம்பு விமலா. பொதிஞ்சு வச்சிருந்தாவ. பெத்த அப்பனுக்குப் பாக்க முடியாது, வேண்டாம்ணாவ. நானும் வேண்டாம்ணு விட்டேன்."

"ரத்தம் கித்தம் எடுத்துப் பாத்தாவளா?"

"அதுக்கு நாள் ஆகும், நில்லுங்கண்ணாவ. எனக்கு நிக்க தெம்பு இல்ல. செருப்பு நம்ம பிள்ளைக்கதாக்கும், உடம்பும் நம்ம பிள்ளைக்கதுதாம்ணு ஒப்புக்கிட்டு வாங்கினேன்."

"ஆறு வருஷமா ஒரே செருப்பையா போட்டிருப்பான்?"

லிஜா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஒரு விளக்கு அணைந்ததற்கு அத்தனை கேள்வி கேட்டவள், கடையில் அப்பாவின் எதிரே நின்று இந்த ஒன்றைக் கேட்கவில்லை. அழுகை வந்து அடைத்ததில் கேட்கத் தோன்றவில்லை.

"தோல் செருப்பு. உழைக்கும்," என்றார் அப்பா. சொல்லும்போதே அவருக்கே அந்தப் பதில் போதவில்லை என்று தெரிந்தது. "தேஞ்சிருந்தது அவனுக்க நடைதான் விமலா. எனக்குத் தெரியும்."

"ரெண்டு வருஷம் அவன் நடந்துட்டு வேற ஒருத்தனுக்குக் குடுத்திருந்தாலும் அந்தத் தேய்வு அங்ஙனதானே இருக்கும்? எவனாவது களவெடுத்திருந்தாலும் இருக்கும். நீங்க செருப்பப் பாத்தியளே தவிர ஆளப் பாக்கல்லியே."

இத்தனை மாதமும் மகனைப் புதைத்த பாரத்தைத் தனியாகச் சுமந்தவர், இப்போது புதைத்தது யாரை என்று தெரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அதுவரை அழவில்லை. இப்போதுதான் அழுதாள்.

"நீங்க நிறுத்தினதப் பாத்து நானும் நிறுத்திட்டேன். மனசுக்குள்ள கூட அவன் பேரச் சொல்லல்ல. செத்தவனுக்கு ஜெபிக்கக்கூடாதேண்ணு. நாக்கு நுனி வரைக்கும் வரும், ஸ்தோத்திரம்ணு சொல்லி விழுங்கிப்போடுவேன்." அவள் இரண்டு கையாலும் பாயைப் பிடித்துக்கொண்டாள். "அவன் எங்கயாவது உயிரோட கெடந்தா, இத்தன மாசமும் எனக்க பிள்ளைக்கு ஒரு ஜெபமும் இல்லாமப் போச்சே."

லிஜா அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனாள். அம்மா கையை விலக்கினாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, கண்ணை மூடி, கைகூப்பினாள்.

எட்டரை ஆகியிருக்க வேண்டும். ஸ்ரீகுமாரி அக்கா வீட்டிலிருந்து ஆறாம் கடவின் தொடக்க இசை மதில் தாண்டி வந்தது. இந்த வீட்டில் டிவி போடவில்லை.

"ஆண்டவரே, ஜெனிலை..." என்று தொடங்கினாள். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு எவ்வளவு நாளாகிறது என்று லிஜாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவன் பசித்திருக்கக்கூடாது, நனையக்கூடாது, யார் கையிலும் அகப்படக்கூடாது. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துக் காத்துக்கொள்ளும் என்று சொன்னபோது குரல் ஒருமுறை தேய்ந்து, திரும்ப வந்தது.

ஜெபத்தை முடித்தாள். கடைசியில் ஆமென் சொல்ல வேண்டியது வீட்டுத் தலைவர். வேதமாணிக்கத்தின் உதடு அசைந்தது. சொன்னால் அந்த மண்ணுக்குக் கீழே கிடப்பவன் மகனில்லை என்றாகும். சொல்லாவிட்டால் மகன்தான் என்றாகும்.

லிஜா ஆமென் என்றாள். அம்மா அதை எடுத்துக்கொள்ளவில்லை. முழங்காலை மாற்றாமல், கண்ணைத் திறக்காமல், புருஷன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.